அகல வீல் போடணுமா? எந்தப் பக்கம் அகலுதுன்னு முதல்ல பாருங்க

காட்சி: கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு ஓரத்து ஷெட். பின்பக்கம் ஜாக்கியில தூக்கி நிக்குற பழைய எம்ஜிபி கார்.

குரல்:
வணக்கம். இது எங்க மாமாவோட வண்டி, 1972 எம்ஜிபி. இங்கிலாந்துல ஆபிங்டன்ல செஞ்சது. கம்பெனி ரிம் 14 அங்குல விட்டம், 5 அங்குல அகலம். போன வருஷம் 6 அங்குல அலாய் (உலோகக் கலவை) ரிம் வாங்கி மாட்டினோம். வீல் மாட்டுற நாலு ஸ்டட்டுலயும் அழகா உக்காந்துச்சு. வண்டி நின்ன நிலையே கம்பீரமா இருந்துச்சு. ஆனா ரெண்டு பேர் ஏறி தொப்பூர் கணவாய் இறங்குறப்ப, பின்னாடி கர்ருனு சத்தம். நிறுத்திப் பார்த்தா, மட்கார்டோட உள்மடிப்பு புது டயரோட தோளைச் சீவி வெச்சிருக்கு.

ஒரு அங்குலம் கூடினா 25 மில்லிமீட்டர். அது எந்தப் பக்கம் கூடுச்சுன்னு நாங்க பார்க்கவே இல்ல.

காட்சி: கழட்டின ரிம் தரையில. நடுவுல சாக்பீஸ் கோடு.

குரல்:
ரிம் அகலத்துக்குச் சரிபாதியில ஒரு கோடு. ஹப்புல, அதாவது வண்டியில வீல் மாட்டுற நடுப்பகுதியில, ஒட்டுற முகம் அந்தக் கோட்டுல இருந்து வெளிப்பக்கமா எவ்வளவு தள்ளி இருக்கோ, அதுதான் ஆஃப்செட். 5 அங்குலத்துல இருந்து 6 அங்குலத்துக்குப் போறோம், ஆஃப்செட் மாறலன்னா உள்ள 13, வெளிய 13 மில்லிமீட்டர் கூடும். ஆஃப்செட் 10 மில்லிமீட்டர் குறைஞ்சா உள்ள வெறும் 3, வெளிய 23. எங்களுக்கு நடந்தது இதுதான்.

அதுக்காக எல்லாத்தையும் உள்ள தள்ளிடலாமா? முடியாது. உள்ள பின் சஸ்பென்ஷனோட கமான் பட்டை இருக்கு. அதனால வாங்குறதுக்கு முன்ன ஸ்கேல் எடுத்து உள் இடைவெளி, வெளி இடைவெளி ரெண்டையும் அளங்க. இடது, வலது தனித்தனியா அளங்க. இந்த வண்டிகள்ல பின் ஆக்ஸில் நட்டநடுவுல இருக்காது, ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் உரசுதுன்னா காரணம் அது.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பெரிசாப் படுறது. முன் வீல் வெளிய போகப் போக ஹப் பேரிங் மேல விழுற நெம்பு கூடும், ஸ்டீயரிங் கனக்கும். இதுல பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல ஸ்பேசர்னு ஒரு தட்டு போட்டுச் சமாளிக்கலாம்னு சொல்வாங்க. அதுவும் வீலை வெளியதான் தள்ளும், அதனால நான் போட மாட்டேன்.

காட்சி: மூணு டயர் பக்கத்துல பக்கத்துல.

குரல்:
டயர் உயரம். 185/70 ஆர்14-ன்னா 185 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் உயரம் அதுல 70 சதவீதம், 14 அங்குல ரிம். பழைய 165 ஆர்14 சுமார் 620 மில்லிமீட்டர். 185/70 ஆர்14 போட்டா 615, ஏறக்குறைய அதேதான். 195/60 போட்டா 590. பார்க்க அழகுதான், ஆனா மீட்டர் 60 மைல் காட்டுறப்ப நிஜ வேகம் 57 தான். இப்ப நாங்க போட்டிருக்கிறது 5.5 அங்குல ரிம், 185/70.

ஆர்சி விவரம் கம்பெனி அளவோட முரண்படுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. காசு கட்டுறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுக்கோங்க.

காட்சி: மட்கார்டு மடிப்புல ஈரச் சுண்ணாம்பு பூசுற கை.

குரல்:
மாட்டினதும் மடிப்புல சுண்ணாம்பு பூசி, நல்லாக் காய விடுங்க. டிக்கியில ரெண்டு மூட்டை நெல்லு. பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் இறக்கம் மெதுவா ஒரு நடை. வளைவும் வேகத்தடையும் சேர்ந்து வந்தா சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும். திரும்பி வந்து பாருங்க, சுண்ணாம்பு அழிஞ்ச இடம்தான் உரசுற இடம்.

அலாய்க்கு அலாய் நட்டுதான். பழைய இரும்பு ரிம் நட்டை இதுல போடாதீங்க, ரெண்டுக்கும் உக்கார்ற முகமே வேற. இங்கிருந்து தர்மபுரி போய்த் திரும்பினா சுமார் நூறு கிலோமீட்டர். வந்ததும் வீலை ஆற விட்டு, இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொரு நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்க.