ஸ்னோ புளோவர் உறுமுது, ஆனா நகரல: டிரைவ் பெல்ட் மாத்தறது எப்படி?

[காட்சி: டிரைவ்வே வாசல், பனி வரப்பு முன்னாடி நிக்கிற மெஷின்]

டொரன்டோ பக்கம் இருக்கிறவங்களுக்கு இது தெரியும். ரோட்டுப் பனியைத் தள்ளிட்டுப் போற வண்டி, நம்ம டிரைவ்வே வாசல்ல ஒரு வரப்பு போட்டுட்டுப் போயிடும், கல்லு மாதிரி. பனியை அள்ளி வீசுற நம்ம ஸ்னோ புளோவர் அதுல மோதினதும் இன்ஜின் உறுமுது, சக்கரம் மட்டும் சுத்தல, ரப்பர் கருகுற வாடை வேற. டூ-ஸ்டேஜ் மெஷின்ல, அதாவது திருகு மாதிரி இருக்கிற ஆகர் பனியை அள்ள, ஒரு விசிறி அதை வீசுற வகையில, ஆகருக்கு ஒரு பெல்ட், சக்கரத்தை ஓட்ட இன்னொரு பெல்ட். ரெண்டாவதைத்தான் இன்னைக்கு மாத்தப் போறோம்.

ஆனா பெல்ட் வாங்கக் கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. அடியில சுத்துற ஒரு இரும்புத் தட்டும், அதை உரசிக்கிட்டு ஓடுற ரப்பர் விளிம்பு வச்ச சக்கரமும் இருக்கும். அதான் ஃப்ரிக்‌ஷன் வீல். அந்த ரப்பர் தேஞ்சிருந்தாலும் வண்டி இதே மாதிரிதான் நிக்கும், புது பெல்ட் போட்டும் பிரயோஜனம் இல்ல. அடி மூடியைக் கழட்டி ரெண்டையும் பாத்துடுங்க.

[காட்சி: ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டும் கை]

இன்ஜின் ஆறட்டும். சாவியை எடுங்க, ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டி ஒதுக்குங்க. மெஷினை முன்பக்கமா கவிழ்க்கணும்னா பெட்ரோலை வடிச்சுடுங்க.

பெல்ட் கவரைத் திறந்தா பல மாடல்ல முதல்ல தெரியறது ஆகர் பெல்ட். அதை எடுத்தாத்தான் பின்னாடி இருக்கிற டிரைவ் பெல்ட்டுக்குக் கை போகும். சிலதுல முன்பாகத்தையே போல்ட் கழட்டிப் பிரிக்கணும், அதுக்கு மேனுவல்தான் துணை. பெல்ட் போற வழியை ஃபோன்ல ஒரு படம் எடுத்துக்குங்க. பெல்ட்டை இறுக்கமா வைக்கிற சின்னச் சக்கரம்தான் ஐட்லர் புல்லி, ஸ்பிரிங் இழுத்துப் பிடிச்சிருக்கும். அதைத் தள்ளிப் பிடிச்சா பெல்ட் தளர்ந்து வந்துடும். ஸ்பிரிங்ல விரல் பத்திரம்.

[காட்சி: பழைய பெல்ட், மிக அருகில்]

பக்கவாட்டைப் பாருங்க. பளபளன்னு இறுகிப் போயிருக்கு, உள்பக்கம் குறுக்கே வெடிப்பு, ஓரத்துல நூல் பிரிஞ்சு தொங்குது. இது எப்படிப் புல்லியைப் பிடிக்கும்? ஐட்லரையும் விரலால சுத்திப் பாருங்க, கரகரன்னா அதையும் மாத்திடுங்க.

புதுசை பார்ட் நம்பர் சொல்லித்தான் வாங்கணும். பழசு நீண்டிருக்கும், அதை அளந்து வாங்கினா அளவு தப்பிடும். கார் பெல்ட் மலிவா கிடைக்குதேன்னு அதைப் போடறதும் வேணாம்.

மாட்டும்போது ஃப்ரிக்‌ஷன் தட்டுல கிரீஸ் கை படவே கூடாது. கடைசியா, கைப்பிடியில இருக்கிற டிரைவ் லீவரோட கேபிள். லீவரை விட்டா கொஞ்சம் தளர்வா இருக்கணும். ரொம்ப இறுக்கிட்டா லீவரை விட்ட பிறகும் மெஷின் தானா ஊரும், அது ஆபத்து. முதல் தடவை ஓட்டி முடிச்சதும் இன்ஜினை நிறுத்திட்டு கேபிளை இன்னொரு முறை பாருங்க. புது பெல்ட் கொஞ்சம் இளகியிருக்கும்.