ஆமை முட்டைக்கு எத்தனை டிகிரி?

எல்லோருக்கும் வணக்கம். வெப்பமண்டல உயிரியல் என்றதும் மனம் அமேசானுக்கோ ஆனைமலைக்கோ ஓடிவிடுகிறது. இன்றைக்கு நான் பெசன்ட் நகர் கடற்கரையைத் தாண்டப் போவதில்லை.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடுகின்றன. 1970-களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் நடந்தே முட்டைக் குழிகளைத் தேடினார்கள். 1988 முதல் மாணவர்கள் அந்த நடையைத் தொடர்கிறார்கள். ஏன் இரவில்? முட்டையைத் தோண்டித் தின்னும் நாய்க்கு முந்திக்கொள்ள என்பது பாதி பதில்தான். மீதி முட்டைக்குள் இருக்கிறது. தாயின் வயிற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் கருவின் வளர்ச்சி நின்றிருக்கும். மணலுக்கு வந்த பிறகுதான் அது மறுபடி தொடங்கும். சில மணி நேரத்தில் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். ஆகவே விடிவதற்குள் முட்டைகளை எடுத்து, கரையில் வேலியிட்டுக் காக்கும் பொரிப்பகத்தில் ஒன்றரை அடி ஆழத்தில், அடியில் பானைபோல் அகன்ற குழியில் வைத்தாக வேண்டும்.

அப்புறம் சூடு. இந்த ஆமைகளுக்கு ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது. மணலின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அதில் நடுப்பகுதி நாட்கள்தான் முக்கியம். சுமார் 29, 30 டிகிரியில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் ஏற ஏறப் பெண்கள், குறைந்தால் ஆண்கள். குஞ்சை வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. அறுத்துப் பார்ப்பதற்கும் நமக்கு மனமில்லை. அதனால் ஒவ்வொரு குழியிலும் வெப்பமானி வைத்து, ஆண்டுக்கணக்கில் குறித்துவைப்பதுதான் வழி. மணலின் சூட்டைக் குறைக்கக் கீற்றுப் பந்தல் போடலாமா கூடாதா என்பதை அந்தக் கணக்குதான் சொல்ல வேண்டும். யாருடைய அபிப்பிராயமும் அல்ல.

ஒரு வார்த்தை, கொஞ்சம் கோபத்தோடு. விருந்தினர் வந்து படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொரிந்த குஞ்சுகளைக் கூடையில் காக்கவைக்காதீர்கள். வெளியே வந்ததும் அலைகளைத் தாண்டி நீந்துவதற்காகத்தான் மஞ்சள்கருவின் மிச்சத்தை உடம்பில் வைத்திருக்கின்றன. கூடைக்குள் துடுப்படித்தே அதைத் தீர்த்துவிடும்.

இத்தனை செய்தும் கணக்கு ஒரு பக்கம் கசிகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக் கரையில், பெரும்பாலும் சென்னையை ஒட்டி, 1,000-க்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிறது. இழுவலைக்குள் மாட்டினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். ஓர் ஆமை முட்டையிடும் வயதை எட்டப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். வளர்ந்த ஒன்று போனால் அதை ஒரு குழி முட்டையால் ஈடுகட்ட முடியாது.

வலையில் கம்பித் தடுப்பும் மேலே ஒரு திறப்பும் வைத்தால் ஆமை வெளியேறிவிடும். அதன் வழியே மீனும் இறாலும் போய்விடுமே என்கிறார்கள் விசைப்படகுக்காரர்கள். டீசல் விலையைப் பார்த்தால் அந்தக் கவலை நியாயம்தான். எவ்வளவு போகிறது என்பதைக் காசிமேட்டுப் படகிலேயே, அவர்கள் கண்முன் எடைபோட்டுக் காட்ட வேண்டும். நஷ்டம் இருந்தால் அதை யார் ஏற்பது என்பதையும் அங்கேயே பேசி முடிக்க வேண்டும். சரி, இனி நீங்கள் கேளுங்கள்.