தைப்பூசத்தன்று கழற்றி வைத்த கடிகாரம்

வணக்கம் மக்களே. மூன்று வாரமாக வீடியோ வரவில்லை, என்ன ஆச்சு என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டில் திருட்டுப் போய்விட்டது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். எடிட்டிங் எதுவும் இருக்காது. லேப்டாப் இல்லை, போனில் எடுத்து அப்படியே போடுகிறேன்.

பினாங்குக்கு நான் வந்து நான்கு வருஷம் ஆகிறது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஜெலுத்தோங்கில் ஒரு தரைவீட்டில் அறை. வீட்டுக்கார ஆன்ட்டி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். தைப்பூசம் வந்தால் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டித்தான் இருக்கும். எல்லாரும் தண்ணீர்மலைக்குப் போய்விடுவார்கள். நாங்களும் காலை நான்கு மணிக்கே கிளம்பிவிட்டோம். ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறி, முருகனைப் பார்த்து, தண்ணீர்ப் பந்தல்களில் மோர் குடித்துத் திரும்பும்போது மதியம் மூன்று மணி.

முன் கதவில் ஒன்றும் இல்லை, கிரில் பூட்டினபடியே இருந்தது. சமையலறைப் பக்கம் போன ஆன்ட்டிதான் கத்தினார். அந்தச் சன்னலில் பழைய காலத்துக் கண்ணாடிப் பட்டைகள், வரிசையாகச் செருகி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. அவற்றை ஒவ்வொன்றாக உருவி, சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, கம்பியை வளைத்து உள்ளே வந்திருக்கிறார்கள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அது ஏனோ என்னை ரொம்பப் பயமுறுத்தியது. அவ்வளவு நேரம், அவ்வளவு நிதானமாக நம் வீட்டில் யாரோ இருந்திருக்கிறார்கள்.

என் அறையில் லேப்டாப், 600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்) பணம், அப்புறம் அப்பாவின் கைக்கடிகாரம் போய்விட்டது. பாஸ்போர்ட் என் பையிலேயே இருந்தது, அந்த அளவில் தப்பித்தேன்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எச்.எம்.டி. ஜனதா. பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து அரசு தொடங்கிய தொழிற்சாலையில் வந்த வகை. பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டும். அப்பா கும்பகோணத்தில் பஸ் கண்டக்டர். 1984-இல் போனஸ் பணத்தில் வாங்கினாராம். ஒரு டிரிப் இரண்டு நிமிஷம் பிந்தினாலும் பின்னால் வரும் வண்டிக்காரர் சண்டைக்கு வருவார், அதனால் காலையில் பல் தேய்க்கும் முன்பே சாவி கொடுத்துவிடுவார். டயலில் ஜனதா என்று இந்தியில் எழுதியிருக்கும். அப்பாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பெருமையாகச் சொல்வார். 2018-இல் அவர் போய்ச் சேர்ந்தார். நான் இங்கே கிளம்பின அன்றைக்குத் திருச்சி ஏர்போர்ட் வாசலில் அம்மா இதை என் கையில் கட்டிவிட்டார். அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட 2016-இலேயே அரசு முடிவெடுத்துவிட்டது. அதனால் கடையில் போய் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. இன்னொன்று கிடைத்தாலும் அது அப்பா கட்டினது ஆகாது.

நான்கு வருஷமாக இதைக் கழற்றாமல் கட்டியிருந்தேன். அன்றைக்கு மட்டும், தைப்பூசக் கூட்டத்தில் யாராவது அறுத்துவிடுவார்களோ என்று பயந்து, கழற்றி மேசையில் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று. டின்னோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“அழாதம்மா, முதல்ல பாலாய்க்குப் போவோம்” என்றார் ஆன்ட்டி. இங்கே காவல் நிலையத்தைப் பாலாய் என்றுதான் சொல்வார்கள். அங்கே ரிப்போர்ட்டை மலாயில் தட்டச்சு செய்து, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. லேப்டாப்பைப் பற்றிக் கேட்ட எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பில் மெயிலில் இருக்கிறது, சீரியல் நம்பர் இருக்கிறது, விலை 3,200 வெள்ளி. கடிகாரத்துக்கு வந்தோம். அடையாளம் என்ன என்று கேட்டார்கள். வெள்ளை டயல் என்றேன். எண்கள் எப்படி இருக்கும்? கோடா, எழுத்தா? முதுகில் நம்பர் உண்டா? கீறல் எங்கே? போட்டோ இருக்கிறதா?

மக்களே, ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பார்த்த கடிகாரம். மணியைப் பார்த்தேனே தவிர, கடிகாரத்தை நான் பார்த்ததே இல்லை. விலை என்ன போடட்டும் என்று கேட்டார்கள். வாய்க்கு வந்ததை, 80 வெள்ளி என்றேன். ரிப்போர்ட்டில் லேப்டாப்புக்கு மூன்று வரி. அப்பாவின் கடிகாரம் ‘ஜாம் தாங்கான் லாமா’, அதாவது பழைய கைக்கடிகாரம், 80 வெள்ளி. அவ்வளவுதான். அந்தத் தாளை வெளியே வந்து படித்தபோதுதான் எனக்குத் தாங்க முடியாத அழுகை வந்தது. அப்பாவை நானே குறைத்துச் சொல்லிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட் சந்தைக்குப் போனேன். பினாங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், பழைய பொருள்கள் தரையில் விரித்து விற்கும் காலைச் சந்தை. செய்கோ, சிட்டிசன், டிட்டோனி என்று பழைய கடிகாரங்கள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய அப்பா கட்டியதாகத்தான் எனக்குத் தோன்றியது. ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் கடை போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உள்மூடியில என்ன கீறியிருக்கும்மா?” என்றார். எனக்குப் புரியவில்லை. கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் மூடியைத் திறந்ததும், தங்கள் அடையாளத்தையும் தேதியையும் ஊசியால் உள்பக்கம் கீறி வைப்பார்களாம். அடுத்த முறை வரும்போது அது தங்கள் கை பட்டதுதான் என்று தெரிவதற்கு.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. “கும்பேஸ்வரன் கோயில் தெருவுல ஒருத்தர்கிட்டதான் கொடுப்பார். மூணு தடவை கொடுத்திருக்கார். ‘கண்டக்டர்’னு ஒரு ‘க’ போட்டு, பக்கத்துல வருஷம் போடுவார். 91, 99, 2007” என்றார். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அன்று ராத்திரியே என் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரிஜினல் எல்லாம் லேப்டாப்போடு போய்விட்டது, மேலேற்றினதுதான் மிச்சம். எல்லாவற்றிலும் கேமரா பிடித்த கைதான் அந்தக் கை, அதனால் கடிகாரம் தெரியவே தெரியாது. மூன்றாவது ராத்திரி, சௌராஸ்தா சந்தையில் எடுத்த வீடியோ. ஜாதிக்காய் ஊறுகாயைத் தூக்கிக் காட்டுகிறேன். ஆறு விநாடிதான். மணி பத்து இருபது. நாலாம் எண் பக்கத்தில் பிறைபோல ஒரு கீறல். எண்கள் எழுத்து இல்லை, கோடுகள். மஞ்சளேறின வெள்ளை டயல். நிறுத்தி, பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ, இப்போது திரையில் வைத்திருக்கிறேன், நன்றாகப் பாருங்கள்.

சாவி கொடுக்காவிட்டால் இரண்டு நாளில் நின்றுவிடும். எடுத்தவருக்கு அது தெரியுமோ தெரியாதோ. நின்றதும் கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டிருப்பாரோ என்றுதான் தினமும் பயப்படுகிறேன்.

அந்தப் படத்தை அச்சடித்து லோரோங் கூலிட் பெரியவரிடம் ஒன்று கொடுத்துவிட்டேன். நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். வழக்கை விசாரிக்கும் ஐ.ஓ.வைப் பார்த்து, இன்னொரு ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இந்த முறை விலை என்று கேட்டால், தெரியாது என்று சொல்வேன்.

பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ இருக்கிறவர்கள், யார் கையிலாவது, எந்தக் கடையிலாவது இதைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கியிருந்தால் அந்தக் காசைத் தந்துவிடுகிறேன், எங்கே கிடைத்தது என்று கேட்க மாட்டேன். எச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுப்பது, 17 ஜுவல்ஸ், அதாவது உள்ளே இயந்திரத்தில் பதித்த சின்னக் கற்கள். நாலாம் எண் பக்கத்தில் பிறைக் கீறல். மூடியைத் திறந்தால் தமிழில் ‘க’, மூன்று இடத்தில்.