காபி, வடை, கையெழுத்து

இயக்குநர் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களே, மகளிர் குழுவிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களே,

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் குறைந்தது 5 இயக்குநர்கள், அதிகம் 15 பேர். மூன்று மாதத்துக்கு ஒரு இயக்குநர் குழுக் கூட்டம், 7 நாள் முன்னறிவிப்பு. மூன்றில் ஒரு பங்குப் பேர், குறைந்தது 3 பேர் வராவிட்டால் அது கூட்டமே இல்லை. இதையெல்லாம் ஆடிட்டர் சொல்லியிருப்பார். அந்த 7 நாளில் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

காலையில் போன் வரும். மாலையில் காபி, வடை, கையெழுத்து. வராதவர் வீட்டுக்குத் தீர்மானப் புத்தகமே நடந்து போகும். படிக்காமல் போட்ட கையெழுத்தும் உங்கள் கையெழுத்துதான்.

மேட்டூர் ஜூன் 12 அன்று திறக்கிறது என்று வையுங்கள். குறுவைக்கு எத்தனை மூட்டை டி.ஏ.பி. உரம் எடுப்பது என்பது மே மாதக் கூட்டத்தில் முடிவாக வேண்டும். அதற்கு 7 நாள் முன்பே ஒரு தாள் ஒவ்வொருவர் கைக்கும் வரட்டும்: வங்கி இருப்பு, கிடங்கு இருப்பு, கொள்முதல் விலை, விற்பனை விலை, போன போகத்துப் பாக்கி. பாக்கியை ஆள்வாரியாக, நாள்வாரியாக எழுதச் சொல்லுங்கள். "மொத்தம் 6 லட்சம் வரவேண்டியது" என்று ஒரே வரியில் போட்டால் ஒன்றும் புரியாது. இரண்டு மாதப் பாக்கி வந்துவிடும். இரண்டு வருடப் பாக்கி ஏறக்குறைய போனதுதான். உறுப்பினருக்குத் தரும் கடன்வசதிக்குச் சட்டமே 6 மாதம் என்று கெடு வைத்திருக்கிறது. சம்பா நட்டு அறுக்க அது போதும்.

இயக்குநருக்கோ அவர் உறவினருக்கோ கடன் என்றால் இயக்குநர் குழு முடிவு செய்ய முடியாது, உறுப்பினர்கள் கூடும் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். இங்கேதான் வழுக்குகிறது. நம் ஊரில் மாமன் மச்சான் இல்லாதவர் யார்? உரக்கடையோ அறுவடை இயந்திரமோ லாரியோ வைத்திருக்கும் இயக்குநர், நிதியாண்டின் முதல் கூட்டத்திலேயே அதை எழுத்தில் தர வேண்டும். அவர் லாரிக்கு வாடகை பேசும்போது எழுந்து வெளியே போவது இன்னும் நல்லது.

முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் கட்டாயம். காசோலையும் கிடங்குச் சாவியும் அவரிடம் இல்லாமல் தலைவர் இடுப்பிலேயே இருந்தால், குழு யாரிடம் கணக்குக் கேட்கும்?

சோழநாட்டு மேடை, குடவோலையைச் சொல்லாமல் இறங்க விடமாட்டீர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவர் உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. இன்றைய சட்டத்தில் ஆண்டறிக்கைப் படிவம் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தொடர்ந்து 3 ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்கள் 5 ஆண்டு வேறு எந்த நிறுவனத்திலும் புதிதாக அமர முடியாது. உறவினரை மட்டும் விட்டுவிட்டார்கள்.