ஃபோர்க்லிஃப்ட்டுக்கு எந்த அலாரம், எந்த விளக்கு? காரைக்குடிப் பக்கத்து மில், குடோன்காரர்களுக்கு

வணக்கம் மக்களே. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அரிசி மில், குடோன் வைத்திருப்பவர்களும் அங்கே வண்டி ஓட்டும் தம்பிமாரும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. மூட்டை, லோடு தூக்கிப் போகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு எந்த அலாரம் வாங்குவது, எந்த விளக்கு போடுவது?

கடைக்குப் போனதும் "எதில் சத்தம் அதிகம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் உங்கள் ஷெட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வண்டி போகிற வழியில் யார் நடக்கிறார்கள்? மூட்டை தூக்கும் அண்ணன்மார் தூசிக்காகத் தலையோடு காதையும் சேர்த்துத் துண்டைக் கட்டியிருப்பார்கள். தவிடு கூட்டுகிற அக்கா குனிந்தே இருப்பார். இவர்கள் காதுக்கும் கண்ணுக்கும் எட்டுவதைத்தான் வாங்க வேண்டும்.

சத்தத்தைப் பார்ப்போம். ரிவர்ஸ் அலாரங்கள் பொதுவாக 87, 97, 107, 112 டெசிபல் (சத்தத்தின் அளவு) என்று வரும். அட்டையில் போட்டிருக்கும் அளவு, அலாரத்திலிருந்து சுமார் 1.2 மீட்டரில் எடுத்தது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறைந்துவிடும். அப்படியென்றால் 97 டெசிபல் அலாரம் 5 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 85-தான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவரிடம் நீங்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்துச் சத்தமே கிட்டத்தட்ட 85 இருக்கும். பாலிஷர் (அரிசி தீட்டும் மெஷின்) ஓடுகிற பக்கத்தில் 97 வாங்கினால் அது அந்த இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விடும். அங்கே 107 வேண்டும்.

அதற்காக எல்லா இடத்துக்கும் 112 வேண்டாம், தயவுசெய்து. அமைதியான குடோனில் நாள் முழுக்க அது கத்தினால் ஒரு வாரத்தில் யாராவது வயரைப் பிடுங்கிவிடுவார்கள். ஒரு மில்லில் அப்படிப் பிடுங்கித் தொங்கவிட்ட வயரை நானே பார்த்தேன், மனசு பதறியது. இதற்குத் தன்னால் சரிசெய்துகொள்ளும் அலாரம் இருக்கிறது. சுற்றுச் சத்தத்தைக் கேட்டு, அதைவிட 5 முதல் 10 டெசிபல் வரை மட்டும் கூட்டிக் கொடுக்கும். விலை கூடத்தான், ஆனால் மில்லுக்குள்ளும் வெளியேயும் மாறி மாறிப் போகிற வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு வகை, "பீப் பீப்" என்று இல்லாமல் "ஸ்ஷ் ஸ்ஷ்" என்று வரும். பிராட்பேண்ட் அலாரம் என்பார்கள். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது காதுக்குச் சட்டென்று பிடிபடும். வண்டியை விட்டுத் தள்ளிப் போனதும் சத்தம் சீக்கிரம் அடங்கும். நம்ம ஊர்களில் குடோனை ஒட்டியே வீடுகள் இருக்கும், ராத்திரியிலும் லோடு இறங்கும். அங்கே இதுதான் பொருத்தம்.

சரி, விளக்குக்கு வருவோம். ரிவர்ஸ் அலாரம் வண்டி பின்னோக்கி வரும்போதுதான் அடிக்கும். பேட்டரி வண்டி முன்னால் வரும்போது சத்தமே இருக்காது. அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே ஒரு முனையில் திரும்பும்போது, அந்தப் பக்கம் இருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது, வண்டியில் மாட்டிய நீல விளக்கிலிருந்து தரையில் விழும் நீலப் புள்ளி. வண்டிக்குச் சில மீட்டர் முன்னால் அது போய்க்கொண்டிருக்கும். உயரமாக லோடு ஏற்றினால் ஓட்டுநர் ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும், அதனால் முன்னும் பின்னும் இரண்டு போடுங்கள்.

பக்கவாட்டுக்குத் தரையில் சிவப்புக் கோடு போடும் விளக்கு. ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்புகிற வண்டி, ஆகவே திரும்பும்போது பின்பக்கம் வெளியே வீசும். கால் நசுங்குவது அங்கேதான். பேலட் (மூட்டை அடுக்கும் பலகை) பக்கத்தில் ஆள் நின்று வேலை பார்க்கிற இடமென்றால் இதற்குக் காசு பார்க்காதீர்கள்.

ஆனால் இவை நிழலுக்குள் மட்டும்தான். சித்திரை வெயிலில் களத்துக்கு வண்டி வந்தால் நீலமும் தெரியாது, சிவப்பும் தெரியாது. வெளியே, வண்டியின் மேலே சுழலும் மஞ்சள் பீக்கன் விளக்கும் அலாரமும்தான் துணை. மிகவும் படபடவென்று மின்னுகிற ஸ்ட்ரோப் விளக்கு வேண்டாம். கண்ணைக் கூசும், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. நொடிக்கு ஒன்று, இரண்டு முறை மின்னினால் போதும்.

அப்புறம் மாட்டும்போது கவனம். டீசல் வண்டி பெரும்பாலும் 12 வோல்ட்; பேட்டரி வண்டி 24, 48, 80 என்று இருக்கும். உங்கள் வண்டியின் வோல்ட், விளக்கில் போட்டிருக்கும் வோல்ட் அளவுக்குள் வருகிறதா பாருங்கள். பேட்டரி வண்டியில் பாடியை எர்த்தாக வைத்து வயர் இழுக்காதீர்கள், பிளஸ், மைனஸ் இரண்டையும் தனியாக இழுத்து ஃப்யூஸ் போடுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் கூண்டில் கம்பெனியைக் கேட்காமல் துளை போடக் கூடாது, அதன் பலம் குறைந்துவிடும். கிளாம்ப் வைத்து மாட்டுங்கள்.

தவிட்டுத் தூசி ஒரே ஷிஃப்டில் லென்ஸை மூடிவிடும், அதனால் சாவி போடும் முன் ஒரு துணியால் துடைத்து, ரிவர்ஸ் போட்டுச் சத்தம் வருகிறதா பாருங்கள். வாங்குவதற்கு முன் கடைக்காரரை உங்கள் ஷெட்டுக்கே வரச் சொல்லுங்கள். மெஷின் எல்லாம் ஓடும்போது ஒன்றை வண்டியில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லி, அந்தத் துண்டு கட்டிய அண்ணனிடம் "கேட்டுச்சா?" என்று கேளுங்கள். அவர் ஆமாம் என்று சொன்ன பிறகு காசைக் கொடுங்கள்.