தவளை பலூன் மாதிரி ஊதிவிட்டதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

[காட்சி: பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளைத் தவளை. உடம்பு உருண்டையாக, கால்கள் பக்கவாட்டில் விரிந்து கிடக்கின்றன.]

இது தின்று கொழுத்த தவளை இல்லை. தொடையைப் பாருங்கள், தொண்டையைப் பாருங்கள். வயிறு மட்டுமா, இடுக்கெல்லாம் வீங்கியிருக்கிறது. டப்பாவை லேசாகச் சாய்த்தால் தோலுக்கு அடியில் தண்ணீர் தளும்புவது தெரிகிறது. மூன்று நாளைக்கு முன்னால் இது ஒல்லியாகத்தான் இருந்ததாம். எங்கள் பெரம்பூர்ப் பையன் ஒருவன் ராத்திரி பத்து மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, வெடிச்சிடுமா?" என்றுதான் முதலில் கேட்டான்.

வெடிக்காது. ஆனால் அப்படியே விட்டால் பிழைக்காது.

[காட்சி: இரண்டு தவளைகளின் முன்னங்கைகள், மிக நெருக்கத்தில்.]

கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய்த் தண்ணீர்த் தவளை கேட்டால் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முன்னங்கை விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் அது குட்டை வகை, ஹைமெனோகைரஸ். எவ்வளவு வளர்ந்தாலும் கட்டைவிரல் அளவுதான். விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் ஸெனோபஸ், நகத் தவளை. அதில் பெண் 10 சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். இந்த வெள்ளைக்காரி அந்த ரகம். இரண்டுக்கும் நாக்கு கிடையாது, ஸெனோபஸ் இரையைக் கையால் அள்ளி வாயில் திணிக்கும். இரண்டும் காலமெல்லாம் தண்ணீரிலேயே இருக்கும், மூச்சுக்கு மட்டும் மேலே வரும். இந்த மூச்சு விஷயத்தை மனதில் வையுங்கள், அப்புறம் தேவைப்படும்.

[காட்சி: சாக்பீஸால் வரைந்த படகுப் படம். பலகை இடுக்குகளில் நீல அம்புகள்.]

சரி, ஏன் ஊதுகிறது? தவளை நம்மைப் போல் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாக உறிஞ்சுகிறது. அதன் ரத்தத்தில் இருக்கிற அளவு உப்பு தொட்டித் தண்ணீரில் இல்லாததால் ராத்திரி பகல் பார்க்காமல் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். காசிமேட்டில் பழைய மரப் படகில் போனவர்களுக்கு இது தெரியும். பலகை இடுக்கில் கசிவது நிற்காது, இறைத்துக்கொண்டே இருக்கிற வரைக்கும் படகு மிதக்கும். தவளைக்கு இறைக்கிற ஆள் சிறுநீரகம்.

இன்னொரு ஆளும் உண்டு. தவளையின் தோல் நம் தோல் மாதிரி சதையோடு ஒட்டியிருக்காது. இடையிடையே நிணநீர்ப் பைகள் இருக்கும். அங்கே சேருகிற நீரை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பவே நிணநீர் இதயங்கள் என்று தனியாகச் சில குட்டி இதயங்கள் துடிக்கின்றன. ஒரு தவளைக்கு எத்தனை இதயம் பாருங்கள்! இறைக்கிற இந்த ஆட்களில் ஒருவர் படுத்தாலும் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். அதைத்தான் நாம் வீக்கமாகப் பார்க்கிறோம். ஆகவே ஊதுவது நோய் இல்லை, நோயின் அடையாளம்.

ஆளைப் படுக்க வைப்பது எது? அழுக்குத் தண்ணீரில் பெருகும் ஏரோமோனாஸ் மாதிரி பாக்டீரியாவாக இருக்கலாம். மீதி இரை அழுகிச் சேர்ந்த அம்மோனியா, கத்திரி வெயிலில் 30 டிகிரியைத் தாண்டும் தொட்டி, வயசு, உள்ளே ஒரு கட்டி, இவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது.

என் முதல் தவளை செத்ததற்குக் காரணம் நான் ஊற்றிய கேன் தண்ணீர் என்றே இன்றுவரை நினைக்கிறேன். எங்கள் வீட்டு போரில் வருவது உப்புத் தண்ணீர், சோப்பு கூட நுரைக்காது. பாவம் தவளை, நல்ல தண்ணீரில் இருக்கட்டும் என்று 20 லிட்டர் கேனை வாங்கிக் கவிழ்த்தேன். ஆர்.ஓ. இயந்திரம் அழுக்கோடு சேர்த்து உப்பையும் எடுத்துவிடுகிறது. வெளியே உப்பு குறையக் குறைய உள்ளே கசிவது கூடும். ஓட்டையை நானே பெரிதாக்கியிருக்கிறேன். இப்போது மெட்ரோ தண்ணீர்தான். குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் வைப்பேன், அவசரம் என்றால் மீன் கடையில் கிடைக்கும் ஹைப்போ போடுவேன்.

[காட்சி: இருட்டில் டப்பா. பின்னால் செல்போன் டார்ச் வெளிச்சம்.]

சிகிச்சைக்கு முன்னால் ஒரு சோதனை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நீர்க்கோவை, அதாவது இப்படி உள்ளே நீர் தங்கி வரும் வீக்கம் என்றால், உடம்பு வெளிச்சத்தில் ஜெல்லி மாதிரி தெளிவாகத் தெரியும். முட்டை வைத்திருக்கும் பெண் தவளைக்கு இடுப்புப் பக்கம்தான் பருக்கும், வெளிச்சம் போகாமல் உள்ளே இருட்டாகத் தெரியும், தொண்டையும் தொடையும் ஒல்லியாகவே இருக்கும். அதிகம் தின்றிருந்தால் ஓரிரு நாள் பட்டினி போட்டாலே இறங்கிவிடும். கூழாங்கல்லை விழுங்கியிருந்தால் இறங்காது, அதற்கு மருத்துவர்தான் வழி.

[காட்சி: சமையலறை மேடை. நகைத் தராசு, கல்லுப்பு, ஒரு லிட்டர் பாட்டில்.]

நீர்க்கோவைதானா? தவளையைத் தனி டப்பாவுக்கு மாற்றுங்கள். தண்ணீர் மட்டம், தவளை கால் ஊன்றியபடியே மூக்கை வெளியே நீட்டும் அளவுக்கு இருந்தால் போதும். ஊதின உடம்போடு அதனால் நீந்த முடியாது. ஆழத்தில் விட்டால் மூச்சுக்கு மேலே வர முடியாமலே செத்துவிடும். தொட்டியும் டப்பாவும் ஒரே சூட்டில் இருக்கட்டும், மேலே மூடி போடுங்கள், பக்கத்தில் சத்தம் வேண்டாம்.

அடுத்தது உப்பு. தவளை ரத்தத்தின் உப்புக்குக் கிட்டத்தட்டச் சமமான தண்ணீரில் வைத்தால் உள்ளே கசிவது அடங்கும், சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். மருத்துவர்கள் இதற்கு ரிங்கர் கரைசல் என்று ஒன்றைக் கலப்பார்கள். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 6.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.15, கால்சியம் குளோரைடு 0.15, சமையல் சோடா 0.2. வீட்டில் முதலுதவிக்கு அயோடின் சேர்க்காத உப்பு லிட்டருக்கு 6 கிராம் போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம், கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. பாதி அளவில் தொடங்கிச் சில மணி நேரம் பாருங்கள், குட்டை வகைக்கு இது ரொம்ப முக்கியம். துள்ளினாலும் துவண்டாலும் உடனே சாதாத் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். தாங்கினால் முழு அளவு, தினமும் புதிதாகக் கலந்தது.

கூடவே தினமும் எடை போடுங்கள். ஊதியிருக்கிறதா வடிந்திருக்கிறதா என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது, ஒருநாள் நம்பிக்கையாகத் தெரியும், மறுநாள் பயமாகத் தெரியும்.

இன்சுலின் ஊசியை வைத்துக் குத்தி எடுப்பதாகச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உறுப்பில் பட்டால் முடிந்தது. எடுத்த நீரோடு புரதமும் போகும், காரணம் அப்படியே இருப்பதால் மறுபடியும் ஊறும். மருந்துக் கடையில் ஒரு கேப்சூலை வாங்கிப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவதும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் அளவு தவளையின் எடையைப் பார்த்து எழுதுவது.

எழுதுகிறவர் கால்நடை மருத்துவர். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்தில், வேப்பேரியில் இருக்கிறது. நாய் பூனை தவிர மற்ற செல்லப் பிராணிகளை யார், என்றைக்குப் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் தவளை, தனிப் பாட்டிலில் தொட்டித் தண்ணீர், எடை எழுதின சீட்டு, மூன்றும் கையில் இருக்கட்டும். சீக்கிரம் போனால் பிழைக்கிற தவளைகள் உண்டு. குட்டை வகையில் அது குறைவு, மறைத்துப் பயனில்லை.

[காட்சி: பாக்கெட்டில் நெளியும் சிவப்புப் புழு உருண்டை.]

தொட்டியையும் ஒருமுறை பாருங்கள். இரையாக விற்கும் இந்த டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் கொழிக்கிறது. மலிவுதான், ஆனால் என் தொட்டிக்குள் அது வராது. உறைய வைத்த ரத்தப்புழுவை உருக்கி, அலசி, இரண்டு நாளைக்கு ஒருமுறை போடுகிறேன். வாயில் நுழைகிற அளவுக் கல் ஒன்றுகூட அடியில் வேண்டாம். மே மாதத்தில் தண்ணீர் மேல் டேபிள் ஃபேன் காற்று பட்டால் ஓரிரு டிகிரி இறங்கும். தவளையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அலுத்துப்போனால் ரெட்டேரியில் கொண்டுபோய் விடாதீர்கள். ஸெனோபஸ் பல நாட்டு ஏரிகளில் புகுந்து அங்கிருந்ததைத் தின்று தீர்த்த ஜாதி.

[காட்சி: நகைத் தராசில் டப்பா. எண்கள் நின்று நிலைக்கின்றன.]

இது மூன்றாம் நாள். முதல் ராத்திரி 58 கிராம். நேற்று 55. இன்று 51. தொண்டை வடிந்திருக்கிறது, தொடையில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. பையன் பக்கத்தில் நின்று, "புழு போடலாமா அண்ணே?" என்கிறான். இன்றைக்கு வேண்டாம். காலையில் ஏழு மணிக்கு வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன், வேப்பேரிக்குப் போகிறோம்.