உள்ளே இருக்க வேண்டிய கொழுப்பு

(பெங்களூரு அல்சூரில் தமிழன்பர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, நண்பர்களே,

கொழுப்பு என்றால் நமக்கு ரத்தப் பரிசோதனையில் வரும் கொலஸ்டிரால்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்த கொழுப்பு வேறு. பெயர் பாஸ்ஃபாட்டிடைல்செரின்.

செல்லின் சவ்வு இரண்டு அடுக்குகளால் ஆனது. இந்தக் கொழுப்பு உள்ளடுக்கில் இருக்க வேண்டியது. வெளியே நழுவினால் பிடித்து உள்ளே திருப்பிவிட, ஃபிளிப்பேஸ் என்னும் புரதங்கள் ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கின்றன. உள்ளேயும் அது சும்மா கிடப்பதில்லை. அதைப் பற்றிக்கொண்டுதான் புரோட்டீன் கைனேஸ் சி போன்ற சமிக்ஞைப் புரதங்கள் வேலையைத் தொடங்குகின்றன. சவ்வின் வெளிப்புறத்தில் சில புரதங்கள் கொத்துக் கொத்தாகக் கூடுவதற்கும் உள்ளடுக்கில் இருக்கும் இந்தக் கொழுப்பு வேண்டும். இதை 2015-இல் காட்டியது நம் ஊர்க்காரர்கள். இங்கே ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ்-இன் சத்யஜித் மேயர் குழு அது.

அடிபட்டால் ரத்தத் தட்டணுக்கள் இதை வெளியே காட்டும், ரத்தம் உறையும். அதை விட எனக்கு முக்கியமாகப் படுவது, சாகும் செல் இதை வெளியே காட்டுவதுதான். காஸ்பேஸ் என்னும் நொதி ஃபிளிப்பேஸை வெட்டிவிடும். கொழுப்பு வெளிப்பக்கம் வந்து சேரும். 'என்னை எடுத்துவிடு' என்று அதற்கு அர்த்தம். மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல் வந்து, வீக்கமில்லாமல், சத்தமில்லாமல் அதை எடுத்துவிடுகிறது. விழுங்கு செல் இந்தக் கொழுப்பைத்தான் அடையாளம் காண்கிறது என்று 1992-இல் தெரிய வந்தது.

2002-இல் ஜப்பானில் நாகாட்டா குழுவினர், சாகும் செல்லையும் விழுங்கு செல்லையும் கோக்கும் ஒரு புரதத்தைக் கண்டார்கள். பாலின் கொழுப்புத் துளிகளில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த புரதம் அது! அது இல்லாத எலிகளில் செத்த செல்கள் தேங்கின. உடம்பு தன்னையே எதிர்த்து ஆன்டிபாடி செய்தது; சிறுநீரகம் கெட்டது. டெங்கு, எபோலா வைரஸ்களும் இதே கொழுப்பைப் போர்த்திக்கொண்டு செல்லுக்குள் நுழைகின்றன.

என் அக்காவுக்கு லூபஸ்; உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய். சில லூபஸ் நோயாளிகளிடம் செத்த செல்களை அகற்றும் வேலை தளர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்மா" என்று பொடியும் கஷாயமும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அன்பால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அவளுக்குக் குறைந்தது எதிர்ப்பு சக்தி அல்ல.